கண்ணாடிக் கயிற்றுக் காவலர் அப்துல் நாசர் அவர்களுக்குக் கார்டிங் பிரிவின் பிரியாவிடை

கோட்டைமேடு தந்த கொடையே! பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவின் கண்ணே! பஞ்சு பறக்கும் புகைமூட்டத்திலும் பார்வை பிசகாத பண்பாளரே! எங்கள் மூத்த ஃபிட்டர் அப்துல் நாசர் அண்ணன் அவர்களே!

துடியலூர்ச் சாலையிலுள்ள நம் நூற்பாலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள், தேய்மானம் அறியாத எஃகாய் உழைத்து இன்று ஓய்வு பெறும் தங்களை வணங்கி மகிழ்கிறோம்.

மார்பில் தொங்கும் மூக்குக்கண்ணாடிக் கயிறு இயந்திரத்துக்கு இரை, பிடரியில் பதிந்த கயிறே உயிருக்கு வேலி என்று எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள். கண்ணாடிக் காம்பில் கயிற்றின் கண்ணியை மாட்டி, அதன்மேல் சைக்கிள் வால்வு டியூப்பை நறுக்கி இறுக்கமாய் ஏற்றி, காதுக்குப் பின்னுள்ள வளைவுவரை தள்ளி, அவரவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே ஷிப்டுக்குள் விடும் தங்கள் கண்டிப்பை என்னென்று புகழ்வோம்!

அக்கண்டிப்பு பிறந்த துயர நாளையும் இம்மடல் மறைக்கலாகாது. தங்கள் ஆருயிர்த் தோழர் லட்சுமணசாமியின் கண்ணாடியில் ஒரு பக்கக் கண்ணி கழன்றிருப்பதைத் தாங்கள் சுட்டிக்காட்டினீர்கள். "கண்ணாடி எங்க போயிரும் நாசரு? அதுதான் என்ற மூக்கு இத்தனை பெருசா இருக்குதல்ல!" என்று சிரித்தபடியே அவர் குனிந்தார். ஓடும் மூன்றாம் இயந்திரத்துக்குள் விழுந்த கண்ணாடிக்குக் கை நீட்டியவர் வீடு திரும்பவில்லை.

அதன்பின், எங்களில் எவருக்கேனும் கண்ணி நெகிழ்ந்தால், அந்த மூன்றாம் இயந்திரத்தருகே குனியும் நொடியில் பிடரியில் மெல்ல ஓர் இழுப்பு வரும். தொட்டுப் பார்த்தால் கயிறு கழன்றிருக்கும். இரைச்சலில் காலடி கேட்காது. திரும்பினால் பறக்கும் பஞ்சுதான் தெரியும். நாசர் அண்ணன்தான் இழுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நன்றியோடு மாட்டிக்கொள்வோம்.

சென்ற மாதம் காரமடையில் தங்கள் மகள் ஜாஹிதாவின் திருமணம். அன்று அவ்வியந்திரத்தருகே குனிகையில் பிடரியில் இழுப்பு வர, தாங்கள் விடுப்பில் இருப்பதை மறந்து, "விடுங்கண்ணா, கூசுதுங்க!" என்று திரும்பினார் எங்களில் ஒருவரான பழனியாத்தாள். பின்னால் எவருமில்லை. கண்ணி கழன்றிருந்தது.

இம்மடலில் எழுதுவதற்காக அவரே தங்களிடம் கேட்டார்: "ஏனுங்கண்ணா, கல்யாண ஊட்டுல இருந்துட்டு இங்க எப்படி வந்து இழுத்தீங்க?"

தாங்கள் கண்ணாடியைக் கழற்றி, டியூப்பை இறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "நானுங்களா? நான் ஒரு நாளும் யாரு கவுத்தையும் பின்னால வந்து இழுத்ததில்லீங்க அம்மணி. எனக்குந்தான் இழுக்குது. உங்கள்ல யாரோன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

அன்று முதல் அவ்வியந்திரத்தருகே எவரும் உரக்கப் பேசுவதில்லை. ஆனால், அண்ணலே, எங்கள் அச்சம் அந்த இழுப்பைப் பற்றியதன்று! கயிறு கழலும், களைப்பில் நாங்கள் கவனியாதிருப்போம், குனிவோம். அப்போது பிடரியில் அவ்விரல் படாமற்போனால்? இழுப்பவர் தங்கள் ஆருயிர்த் தோழர். தாங்கள் படியிறங்கும்போது அவரும் பின்னாலேயே வந்துவிட்டால்?

நோய் அண்டாத உடலும், மங்காத பார்வையும், மக்கள் சூழ்ந்த மகிழ்வும் பெற்று நெடுங்காலம் தாங்கள் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். இன்று தங்களுக்கு அணிவிக்கும் புதுக் கண்ணாடியின் கயிற்றை எங்கள் சென்னகிருஷ்ணன் தன் கையால் மாட்ட, நாங்கள் எல்லோரும் இழுத்துப் பார்த்திருக்கிறோம். அது கழலாது.

ஆகவே, ஆலை வாசலைத் தாண்டுகையில் பிடரியில் ஓர் இழுப்பை உணர்ந்தால், அது கயிற்றுக்காக அன்று என்று அறிவீர்கள். அருள்கூர்ந்து திரும்பிப் பாராமல், "நீ இங்கயே இரு லட்சுமணசாமி, இவங்களப் பாத்துக்க. நான் போய்ட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
கயிறு இறுக்கிக் காத்திருக்கும்
கார்டிங் பிரிவுத் தொழிலாளர்கள்
31-5-1995