மாமா வைத்த சிவப்பு விளக்கு

அக்கா, நம் மாமா போட்ட வால்வை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். அது நல்ல வால்வு. இருபது வருடம் குழாய் வேலை பார்த்தவர், சொந்த வீட்டுக்கு மட்டமாகவா செய்வார்?

மழையில் தெருச் சாக்கடை நிரம்பி நம் வீட்டுக் கழிவுக் குழாய்க்குள் எதிர்த்து வந்தால் அது தானே மூடிக்கொள்ளும். மூடியதும் மேலே சமையலறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதுவும் மாமா வைத்ததுதான். அது அணையும்வரை மேலே ஒரு குழாயையும் திறக்கக் கூடாது. திறந்தால் நம் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அடித்தள அறையில் பொங்கும். மாமா படுத்திருந்தது அங்கேதான். வாதம் வந்து ஒரு கால் விழுந்தபின் அவரால் தனியாகப் படியேற முடியாது.

நான் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் நஷ்டஈடு தரும் இன்சூரன்ஸ் அது; வீடு அவர் பேரில் இருந்ததால் அவர்தான் போட வேண்டும். வால்வு ஒருநாள் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று மூன்று மாதம் கெஞ்சினேன்.

"பயந்தாங்கொள்ளி. உன்ன பிளைட்ல ஏத்தி இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்ததுக்கு நான் ஒரு குடை வாங்கியிருக்கலாம்" என்பார். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னாலும் சொல்வார். அவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.

அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கால் நனைந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கனமழை என்று செய்தியில் சொன்ன அன்று, காலையிலேயே குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். மத்தியானம் விளக்கு எரிந்தது. தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினேன். குழாய்களையும் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது.

"மாப்ள, சிவப்பு விளக்கப் பாக்கலயா? ஏதோ குழாய மறந்து திறந்து வச்சிருக்க பாரு. மூடிட்டு வந்து என்னத் தூக்கு."

குரலில் கோபமே இல்லை. மறந்துவிட்டேன் என்றே நம்பினார்.

நான் மேல்படியில் இன்சூரன்ஸ் படிவமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். உடனே போனால் பயம் மனதில் பதியாது. பிறகு ஏதோ விழுந்த சத்தம். அதன்பின் அவர் கூப்பிடவில்லை. யோசிக்கிறார் என்று இன்னும் கால் மணி நேரம் கொடுத்தேன்.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, அக்கா. குப்புறக் கிடந்தார்.

வால்வைத் தாண்டி உள்ளே புகுந்த தெருத் தண்ணீர் என்று, ஆம்புலன்ஸில் வந்தவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நீயும் போனில், "அவரு போட்ட வால்வே அவரக் கைவிட்டுருச்சேடா" என்று அழுதாய். அதுதான் எனக்கு மனது கேட்கவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தேன். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பயந்தது சரிதானே, அக்கா?