பௌலிங் கூடத்துப் பள்ளிக்கூடம்

— அப்ப விளையாடறதுக்கு எங்க போவாங்களாம்? அதைக் கேட்டியா இல்லையா, கொரின்?

— கேட்டேன் ரஸ்ஸல். நீ எழுதிக் கொடுத்த இருபத்திரண்டு கேள்வியையும் வரிசையா கேட்டேன். கார் நிறுத்தற இடத்துலதான் விளையாட்டாம். பனி விழுந்தா பிள்ளைங்களே மண்வெட்டியை எடுத்துட்டுப் போய்த் தள்ளுவாங்களாம். அதுவே உடற்பயிற்சிதானேன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க அந்த அம்மா.

— எந்த அம்மா?

— தலைமை ஆசிரியை. மிஸ் ஓலுண்ட்.

— சரி. அடுத்தது. சமையல்கட்டு?

— கிடையாது. வீட்டுலேருந்துதான் சாப்பாடு. அது பழைய பௌலிங் கூடம்ப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி நாம போவோமே, ஏரிக்குப் போற சரிவுல, அதேதான். பந்து உருட்டற பலகையை அறுத்து மேசை பண்ணியிருக்காங்க. தரையில இருந்த அம்புக்குறி அப்படியே இருக்கு. நம்ம மாரென் உட்கார்ந்த மேசையில மூணு அம்பு.

— நூலகம்?

— ஷூ வாடகைக்குக் கொடுத்த இடம் இருந்துதே, அந்த அலமாரி. ஒவ்வொரு பொந்துலயும் புத்தகம்.

— காலைக் காட்டினா அளவு பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுப்பாங்களாக்கும்.

— கிண்டல் பண்ணு. பத்தொன்பது வருஷமா பெரிய பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருக்கறவனுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். உங்க பள்ளியில நீச்சல் குளம் இருக்கு, நாடக மேடை இருக்கு, ஆயிரத்து நூறு பிள்ளைங்க இருக்காங்க. அத்தனை பேருக்கு நடுவுல உன் பொண்ணு மட்டும் தனியா உட்கார்ந்து சாப்பிடறா.

— நான் ஒண்ணும் எதிர்க்கலையே. போய்ப் பார்த்துட்டு வான்னு சொன்னதே நான்தான்.

— அதுதான் எனக்குப் புரியல. போன வருஷம் வரைக்கும் யாராவது சார்டர் பள்ளின்னு வாயைத் திறந்தா போதும், ஆரம்பிச்சுடுவ. நமக்கு வர வேண்டிய அரசாங்கப் பணத்தை வாங்கிட்டு நாலு பேர் கூடித் தனியா பள்ளி நடத்தறாங்க, நம்ம பிள்ளைங்களைக் கொத்திட்டுப் போறாங்கன்னு. எங்க அண்ணன் வீட்டு விருந்துல அண்ணியோட நீ மல்லுக்கு நின்னதுல வான்கோழியே ஆறிப் போச்சு.

— அது அப்போ. நான் உருளைக்கிழங்கை நறுக்கிக்கிட்டே கேட்கறேன், நீ சொல்லு. பிள்ளைங்க கணக்குல எப்படி?

— மோசம். மாநில சராசரிக்கும் கீழே. அதையும் அவங்க மறைக்கல.

— அதைச் சரி பண்ணிடலாம்.

— யாரு சரி பண்ணுவா?

— பொதுவா சொன்னேன். சரி, அடுத்தது.

— அடுத்தது உன் தாள்ல இல்லாதது. நீ கேட்காத விஷயம். சொல்லட்டுமா?

— சொல்லேன்.

— நாள் முழுக்க மாரெனை ஒரு வகுப்புல உட்கார வைச்சாங்க. நான் மத்தியானம் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். அந்த மூணு அம்பு மேசையில அஞ்சு பிள்ளைங்க. ஊறுகாய் வெள்ளரியை அணில் தின்னுமா தின்னாதான்னு ஒரு சண்டை. ஒருத்தன் தின்னும்கறான். உன் பொண்ணு எழுந்து நின்னு, கையை ஆட்டி ஆட்டி, தின்னவே தின்னாதுன்னு வாதாடறா. ரஸ்ஸல், நம்ம வீட்டுலயே அவ சத்தமா பேசி எத்தனை மாசம் ஆச்சு? திரும்பி வரும்போது கார்ல தொண்டை கட்டிப் போச்சு அவளுக்கு.

— நிஜமாவா?

— நான் எதுக்குப் பொய் சொல்றேன். அங்க யாரும் ஹல்வர்சன்ங்கற குடும்பப் பேரைக் கேட்கறதே இல்லை. மாரென்னா மாரென்தான்.

— நல்லது. ரொம்ப நல்லது.

— இன்னும் கேளு. இதைச் சாப்பிடும்போது சொல்லலாம்னு வைச்சிருந்தேன், முடியல. ஒன்பது இடத்துக்கு அறுபத்தொரு பேரு மனு போட்டிருக்காங்க, குலுக்கல்னு சொன்னாங்க இல்லையா? சாயங்காலம் நாங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே ஃபோன் வந்தது. மாரெனுக்கு இடம் கிடைச்சாச்சு. தேவாலயத்துக் குலுக்கல் சீட்டுல ஒரு கேக்குகூட நமக்கு விழுந்ததில்லை. இது விழுந்துடுச்சு.

— கொரின், குலுக்கல் அடுத்த வாரம்தான்.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— அவளுக்கு வந்தது குலுக்கல் இடமில்லை. அங்க வேலை பார்க்கறவங்க பிள்ளைங்களுக்குக் குலுக்கல் கிடையாது, நேரா இடம் கொடுத்துடுவாங்க.

— அங்க யாரு வேலை பார்க்கறா?

— ஆகஸ்டுலேருந்து நான்.

— அடுப்பைக் குறை. சூப் பொங்குது.

— குறைச்சுட்டேன். நானே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீ போய்ப் பார்த்துட்டு வந்து, பிடிச்சிருக்குன்னு சொல்லட்டும்னு காத்திருந்தேன்.

— அப்ப அந்த இருபத்திரண்டு கேள்விக்கும் உனக்குப் பதில் தெரியும்.

— மூணு தடவை போயிருக்கேன். ஷூ அலமாரியும் பார்த்தேன்.

— பத்தொன்பது வருஷ வேலையை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம விட்டிருக்க.

— பிப்ரவரியில ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்துல எனக்குக் கண்காணிப்பு வேலை. மாரென் தட்டை எடுத்துக்கிட்டு ஒரு மேசைக்குப் போனா. அங்க இருந்த மூணு பொண்ணுங்க எழுந்து வேற பக்கம் போயிட்டாங்க. நான் போய் அவ எதிர்ல உட்கார்ந்தேன். அவ தட்டைத் தூக்கிட்டு வெளியே போயிட்டா. அழறதை நான் பார்க்கக் கூடாதுன்னு போறான்னு நினைச்சேன். அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன். சின்ன இடமா இருக்கணும், நான் பக்கத்துலயே இருக்கணும்னு. வேற எதுக்காகவும் இல்லை.

— அவளை ஒரு வார்த்தை கேட்டியா?

— என்னத்தைக் கேட்க? அதான் கண்ணாலேயே பார்த்தேனே.

— இப்ப நான் சொல்றதை நீ கொஞ்சம் தாங்கிக்கணும். சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சிருந்தேன். அவ அங்க, நீ பெரிய பள்ளியிலன்னு ஆயிட்டா சொல்லத் தேவையே இருக்காதுன்னு நினைச்சேன். அங்க பிள்ளைங்க கையிலயும் ஒரு தாள் கொடுத்து எழுதச் சொல்றாங்க, உனக்கு எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வேணும்னு. மிஸ் ஓலுண்ட் என்னைத் தனியா கூப்பிட்டு அதைக் காட்டினாங்க. வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசிட்டு முடிவு சொல்லுங்கன்னாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்கன்னு விட்டுட்டேன்.

— என்ன எழுதியிருந்தா?

— ஒரே வரி. 'ஹல்வர்சன் சார் இல்லாத பள்ளிக்கூடம்.' உன்மேல கோபத்துல எழுதலப்பா. கார்ல நானே கேட்டேன். அப்பாவைப் பிடிக்கும், ஆனா அங்க நான் வெறும் அவர் பொண்ணுதாம்மான்னா. போன வருஷம் கணக்குல நீ முப்பது பேரை ஃபெயில் பண்ணின. உன்னைப் பிள்ளைங்க சைபர்னு கூப்பிடறாங்க, உனக்கே தெரியும். அவ பேரு சின்ன சைபர். அவ வந்து உட்கார்ந்தா பேச்சை நிறுத்திடுவாங்க, வீட்டுக்குப் போய் உன்கிட்ட சொல்லிடுவான்னு. அந்த நேரம் பார்த்து நீயும் எதிர்ல போய் உட்கார்ந்திருக்க.

— அந்த முப்பது பேரும் ஒரு வரியைக்கூட ஒழுங்கா போடல, கொரின்.

— ரஸ்ஸல்.

— சரி.

— கத்தியைக் கீழ வை. விரலை வெட்டிக்குவ.

— மிஸ் ஓலுண்டுக்கு ஃபோன் பண்ணி நான் வரலைன்னு சொல்லிடறேன்.

— சொன்னா மாரென் இடமும் போயிடும். அப்புறம் அறுபத்தொண்ணுல ஒண்ணா நின்னு குலுக்கலைப் பார்க்கணும்.

— சொல்லலைன்னா அங்கயும் நான்தான் இருப்பேன். ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் கணக்குக்கு ஒரே வாத்தியார். தொண்ணூத்தி மூணு பிள்ளைங்க இருக்கற இடத்துல நான் எங்க போய் ஒளிஞ்சுக்கறது?

— பழைய வேலைக்கே திரும்பிடேன். இன்னும் நாலு மாசம் இருக்கே.

— திங்கட்கிழமையே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். புதன்கிழமை கேக் வெட்டினாங்க. என் இடத்துக்கு ஆளையும் போட்டாச்சு. நேத்து வந்து என் அறைச் சன்னலை அளந்துட்டுப் போனாரு, திரைச்சீலை போடப் போறாராம்.

— அப்ப அந்தப் பெரிய பள்ளியில உனக்கு இனிமே ஒண்ணுமே இல்லையா?

— ஒண்ணுமே இல்லை. வகுப்பு, சாப்பாட்டுக் கூடம், எதுவும் இல்லை. கதவுல ஒட்டியிருக்கற பேரைக்கூட எடுத்துடுவாங்க.

— இப்ப என்ன பண்றது? அவ மாடியில உட்கார்ந்து அந்த அணில் சண்டையை யாருக்கோ ஃபோன்ல சொல்லிட்டிருக்கா. நான் போய் என்னன்னு சொல்றது?

— அவ எழுதிக் கொடுத்த மாதிரியே ஒரு பள்ளிக்கூடம் கிடைச்சாச்சு, நீச்சல் குளம்கூட இருக்குன்னு சொல்லு. பஸ்கூட மாத்த வேண்டாம்.