புறா வாங்கிய டிப்ளமா

இருபத்தாறு வருஷம்! இந்த மாலாங் ஊர்ல பாதிப் பேர் மூஞ்சிய நான்தான் எடுத்திருக்கேன். என்னைப் பார்த்து கல்வி ஆபீசுல ஒரு பய, "இபு மியாத்தி, உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியும்ங்கிறதுக்கு அத்தாட்சி ஏதாவது இருக்கா?"ன்னு கேக்கிறான். கேட்டவன் கழுத்துல தொங்குற அட்டையில இருக்கிற படமே நான் எடுத்தது தம்பி! ...ஆங், வாயை மூடிக்கங்க. வேலைக்கு விண்ணப்பம்னா பல்லு தெரியக் கூடாது. நீங்க பேச வேணாம், நான் பேசிக்கிறேன். பொறந்தது ஒத்தைப்படை வருஷமா, ரெட்டைப்படையா? தலையை மட்டும் ஆட்டுங்க... ஒத்தையா? அப்ப பின்னால செவப்புத் திரை. ரெட்டைன்னாத்தான் நீலம், அடையாளப் படத்துக்கு அதான் இங்க சர்க்கார் விதி. இருங்க, நீலத்தை அவுக்கிறேன்.

புதுசா ஒரு விதி தம்பி. ஸ்கூல் பிள்ளைங்க ஆண்டுப் படம் எடுக்கணும்னா தகுதிச் சான்றிதழ் வேணுமாம். வருஷத்துக்கு ஒன்பது ஸ்கூல் எனக்கு. அதுலதான் இந்தக் கடையே நின்னுச்சு. கல்யாணத்துக்கு இப்ப யாரு கூப்பிடுறா? மாப்பிள்ளையே கைய நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கிறான்.

சரி, ஆன்லைன்ல படிச்சிருவோம்னு உக்காந்தேன். அடேயப்பா! படிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி, எதைப் படிக்கிறதுன்னு தேர்ந்தெடுக்கிறதுதான் உயிரை வாங்குது. மூணு மாசம்! ஒரு நோட்டு போட்டு, கோடு கிழிச்சு, அது நல்லது, இது கெட்டதுன்னு எழுதி எழுதி... தோளை இறக்குங்க. எதுக்கு விறைச்சுக்கிட்டு?

மொதல்ல ஒண்ணு. ஆறு மணி நேரத்துல டிப்ளமா. கோட்டு போட்ட ஆளு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. "மாதிரிக்கு உங்கள் பெயரை அடித்துப் பாருங்கள்"னு ஒரு கட்டம். எனக்குச் சந்தேகம். எங்க வீட்டுக்காரர் வளக்கிற புறா பேரை அடிச்சேன். அடிச்ச கையோட வந்துருச்சு தம்பி, "திருவாளர் கெலம்பிட், சிறப்புத் தேர்ச்சி"ன்னு! எங்க வீட்டுக்காரர் அதை அச்சடிச்சு, சட்டம் போட்டு, கூண்டுக்கு மேல மாட்டிட்டாரு. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், "இவன் படிச்சவன்"ங்கிறாரு. அந்த மனுஷனோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அதுக்கு எவனாவது சான்றிதழ் தருவானா?

அடுத்தது ரெண்டு வருஷப் படிப்பு. மொத எட்டு மாசம் கேமராவைத் தொடவே கூடாதாம். ஜன்னல் பக்கத்துல உக்காந்து ஒளியை உணரணுமாம். நான் ஒளியை உணர்ந்துக்கிட்டு உக்காந்தா உலையை யாரு வைக்கிறது?

இன்னொண்ணு இருந்துச்சு... ஐய்யய்ய, அதைப் பார்த்தாலே கண்ணு வலிக்கும். எழுத்தெல்லாம் மின்னுது, வரிக்கு வரி எழுத்துப்பிழை. அடுப்பங்கரையில உக்காந்து ஒரு பெரியவரு பாடம் எடுக்கிறாரு, பின்னால சேவல் கூவுது. மொத பாடமே கேமராவைத் துடைக்கிறது எப்படி! இதுல, கடைசியில நேர்ல வந்து வேற படம் எடுத்துக் காட்டணுமாம், அதான் பரீட்சையாம். ஆன்லைன்னு சொல்லிட்டு நேர்ல என்னய்யா பரீட்சைன்னு, நோட்டுல பெருசா ஒரு குறுக்குக்கோடு போட்டேன். முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க... போதும் போதும், ரொம்ப அண்ணாந்துட்டீங்க.

நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? சர்வதேசம்! தங்க முத்திரை! ஆசிரியருங்க பதினாலு பேரு, பதினாலு பேரும் கறுப்புச் சட்டை, ஒருத்தனும் கேமராவைப் பார்க்கல, எல்லாரும் வேற எங்கயோ பாக்குறாங்க. பரீட்சையும் கிடையாது, படம் அனுப்பினா போதும். "தனிமை"ன்னு ஒரு தலைப்பு குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. ஒரு பேங்க் குமாஸ்தாவுக்கு எடுத்த அடையாளப் படம் கிடந்துச்சு, அதை அனுப்பி வச்சேன். "சிவப்பில் கரையும் மனிதன், அபாரம்"னு தொண்ணூத்தெட்டு மார்க்கு! அந்தாளு கரையவும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, மத்தியானம் பக்ஸோ சூப்பு, கறி உருண்டையோட ரெண்டு கிண்ணம் தின்னுட்டு வந்து தூக்கத்துல உக்காந்திருந்தாரு.

சான்றிதழ் வந்துச்சு. தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போறேன். அந்தப் பய முன்னயும் பின்னயும் திருப்பிப் பாக்குறான். "இபு, இது கலந்துக்கிட்டதுக்குப் பாராட்டுப் பத்திரம். தகுதிச் சான்று இல்லை. நேர்ல ஒருத்தர் உங்க வேலையைப் பார்த்து மதிப்பிட்டிருந்தாத்தான் செல்லும்"கிறான். தங்க முத்திரையை நகத்தால சொரண்டுறான். உரிஞ்சு வருது தம்பி! ஸ்டிக்கர்!

அப்ப எவனுக்குத்தான் செல்லுச்சுன்னு கேக்குறீங்களா? அதோ, எதிர்த்த ஸ்டுடியோக்காரர் பாக் விரோசோ. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் தெருவுல டெம்பே, அதான் சோயா வறுவல், வித்த ஆளு. அந்தச் சேவல் கூவுற பெரியவர்கிட்டதான் படிச்சாரு. நேர்ல பரீட்சை குடுத்தாரு, சான்றிதழ் வாங்கிட்டாரு. ஒன்பது ஸ்கூலும் இப்ப அவருக்கு.

...அந்தப் படிப்பை அவருக்கு யாரு சொன்னாங்கன்னு பாக்குறீங்க. கண்ணாலயே கேக்குறீங்க. நான்தான் சொன்னேன். வந்து கேட்டாரு, "இபு, நீங்க விவரமானவங்க, எனக்கு நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க"ன்னு. நோட்டைப் புரட்டி, இருக்கிறதுலயே கேவலமானதை எடுத்துக் குடுத்தேன். ஆமா! குடுத்தேன்! ஏன்னா பிள்ளைங்க அவரைப் பார்த்தாச் சிரிக்குதுங்க. நான் கேமராவைத் தூக்கினா மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிதுங்க. போன வருஷமே ரெண்டு ஸ்கூல்ல அவரை விசாரிச்சாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அதனாலதான் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டேன், தகுதிச் சான்று இல்லாத கண்டவங்களையும் ஸ்கூலுக்குள்ள விடாதீங்கன்னு...

ஆமா தம்பி. அந்த விதி என்னாலதான் வந்துச்சு. இப்படிப் பாக்காதீங்க. கண்ணைச் சிமிட்டுங்க.

விரோசோ திட்டினாருன்னா பரவாயில்ல. தினம் சோறு கட்டிக்கிட்டு வந்து கும்பிடுறாரு! "நீங்க காட்டின வழி இபு"ங்கிறாரு. பரீட்சைக்கு ஒரு ஆளை உக்கார வச்சு எடுக்கணுமாம், என்னைக் கூப்பிட்டாரு. மனசுல குத்தம் இருக்கே, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? போயி உக்காந்தேன். ஒரு வார்த்தை பேசல. நான்! பேசல! அந்தப் படத்துலதான் அவரு பாஸானது. கடை வாசல்ல பெருசா மாட்டியிருக்காரு. இருபத்தாறு வருஷமா கேமராவுக்குப் பின்னாலயே நின்னவ, எனக்குன்னு ஒரு நல்ல படம் கிடையாது. எங்கம்மா சாயல் எனக்கு இருக்குன்னு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நல்லா எடுத்திருக்காரு. பாவி மனுஷன், நல்லாவே எடுத்திருக்காரு.

என்ன எழுந்துட்டீங்க? படத்தைப் பாக்கணுமா? ...சரி, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. அதுக்குள்ள இந்தத் திரையை மாட்டிர்றேன். பாத்துத் தாண்டுங்க, வண்டி வருது!

ஏங்க... பார்த்தாச்சுல்ல, வாங்க! ...உள்ள எதுக்குப் போறீங்க? தம்பி, தம்பீ! ஐயோ, உக்காந்துட்டானே! ...யோவ் விரோசோ! அந்தத் தம்பி ஒத்தைப்படைய்யா! நீலத்துல எடுத்துடாதே, செவப்பைப் போடு!