பிரேக் கட்டை

— இன்னும் ஒரு வாய் குடி ஆதித்தா. மெதுவா. மடமடன்னு ஊத்தாத.

— போதும் தில்லையண்ணாச்சி. நீங்களும் இசக்கியும் போங்க. குத்தாலம் போற மத்தவங்க எல்லாம் இந்நேரம் மேலகரம் தாண்டிருப்பாங்க.

— தாண்டட்டும். ஏ இசக்கியப்பா, அங்கன நின்னுக்கிட்டு என்ன செய்யுதே? அந்தத் துண்டை நனைச்சுக் கொண்டா.

— இந்தா வாரேன். ஏலே ஆதித்தா, தென்காசி மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியுது. இந்தக் குத்துக்கல்வலசையில வந்தா சைக்கிளோட சாய்வே? நம்ம கோஷ்டிக்கே அவமானம்லா.

— கேலி பண்ணாத. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. மூச்சு தொண்டையோட நின்னுபோச்சு.

— சித்திரை வெயில்லா. எதிர்காத்து வேற. யாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்.

— உங்களுக்கெல்லாம் இல்லையே அண்ணாச்சி. திருநவேலியில சைக்கிள் ஏறினதுலேருந்து நாந்தான் கடைசி. அவனவன் சிரிச்சுப் பேசிக்கிட்டு மிதிக்கான், நான் நாக்கு தள்ளிப் போறேன். முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை பாளையங்கோட்டை ஆளெடுப்புக்கு நான் போகல.

— என்னலே சொல்லுதே? பட்டாளத்துக்குப் போறேன்னு ஊரு பூரா சொல்லிட்டு?

— ஒரு மைல் ஓட விடுவானாம் இசக்கி. இதே வெயில்ல. நெஞ்சு தாங்குதான்னு பாக்கத்தான் உங்ககூட வந்தேன். தாங்கல. அய்யாகிட்ட நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. சீனாக்காரன் சண்டை வந்ததுலேருந்து என்னை அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. போகலன்னா வீட்டுப்படி ஏறவிடமாட்டாரு.

— நான் பேசுதேன். நீ படு.

— பேசாதிய அண்ணாச்சி. ஒரு விசயம் இருக்கு.

— என்ன இசக்கி?

— ஆதித்தா, அடிக்காம கேக்கணும். காலையில நீ இட்லி தின்னுக்கிட்டு இருந்தேல்லா, அப்ப உன் பின்சக்கரத்துப் பிரேக் கட்டையை முறுக்கி வச்சேன். லேசா உரசிக்கிட்டே வரும்படியா. கடைசியா குத்தாலம் வாறவன் எல்லார் துணியும் துவைக்கணும்னு பேச்சுல்லா. உன்னைத் துவைக்க விடலாம்னு பாத்தேன்.

— வழி பூராவுமா?

— ஆலங்குளத்துல எடுத்துருவோம்னுதான் நெனச்சேன். நொங்கைக் கண்டதும் மறந்துபோச்சு. நீ மிதிச்ச மிதிக்கு வேற எவனா இருந்தாலும் பாதி வழியில பஸ் ஏறிருப்பான். உன் நெஞ்சுக்கு ஒண்ணுமில்லலே.

— பாவிப்பயலே. வெயிலு, காத்து, பிரேக்கு. அம்புட்டையும் இழுத்துக்கிட்டா நான் இங்கன வரை வந்தேன்?

— அதத்தானலே சொல்லுதேன்.

— அப்ப திங்கக்கிழமை ஓடிருவேன் அண்ணாச்சி. அருவியில நூலு மாதிரி தண்ணி விழுந்தாலும் சரி, உங்க எல்லார் துணியையும் நானே துவைக்கேன்.

— அந்தக் கிணத்தடியில முகத்தைக் கழுவிட்டு வா. ஓடாத. நடந்து போ.

— பாருங்க, இப்பமே பட்டாளத்துக்காரன் மாதிரி போறான். எனக்கும் உயிரு வந்துச்சு அண்ணாச்சி. ஸ்பேனரைக் குடுங்க, அவன் வாறதுக்குள்ள கட்டையைத் தளத்திருதேன்.

— சைக்கிளைத் தொடாத.

— கோவிக்காதிய. நான் செஞ்சது தப்புதான்.

— பாவூர்சத்திரத்துல அரைமணி நேரம் ஒக்காந்தோம்லா, அப்ப அவன் சைக்கிளை நிழலுக்கு நகட்டினேன். உரசுத சத்தம் கேட்டுச்சு. வாடகை சைக்கிள் கோளாறுன்னு நானே தளத்தி விட்டுட்டேன் இசக்கி. அங்கேருந்து சக்கரம் சும்மா சுத்திக்கிட்டுதான் வந்துச்சு. அதுக்குப் பொறவுதான் அவன் விழுந்தான்.