நான்கு பாய், ஐந்து பேர்

படிக்கட்டு. முத்துலட்சுமி என் கால்களைப் பிடித்திருக்கிறாள். செல்வி தோள்களை. ஒவ்வொரு படியிலும் பின்கழுத்தில் இடி இறங்குகிறது. காலை வெயில் கண்ணில் படுகிறது. கத்துகிறேன். வெயிலுக்கு யாராவது கத்துவார்களா? நான் கத்தினேன்.

கீழே ஆட்டோ உறுமுகிறது. கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிடுகிறது. பிறகு வீட்டுக்கார அம்மாவின் செருப்பு. சரக். சரக்.

"செல்வி, மாடிக்கு ஓடு!"

அடிக்குரலில் சொன்னது முத்துலட்சுமி. என் தோள்களில் இருந்த கைகள் விலகின. அறையில் இருந்த இன்னொருத்தி வந்து தாங்கினாள். வெறுங்கால்கள் தடதடவென்று மேலே ஓடின. செல்வியிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

இடம் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி. கிழமை வியாழன். குண்டு விழவில்லை. விமானம் வரவில்லை. ஆனாலும் ஓர் அறையில் போர் நடந்தது. அதில் பிழைத்தவள் நான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

அறையில் நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் கம்பெனி வேலை. எனக்கு ஊர் ஊத்தங்கரைப் பக்கம். செல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்கார அம்மா நான்கு பேருக்கு மேல் விடமாட்டார். தண்ணீர் பத்தாது என்பார். ஐந்தாவது ஆள் செல்வி. அவள் இருப்பது அவருக்குத் தெரியாது. செருப்புச் சத்தம் கேட்டால் யாராவது குரல் கொடுப்போம். அவள் மொட்டை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பாயும் நான்குதான். எனக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு இரவு ஷிப்ட். நான் எழுந்த பாயில் அவள் படுப்பாள். அவள் எழுந்த பாயில் நான். பாய் ஆறியதே இல்லை. தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில். மற்றவர்கள் அண்ணாந்து குடிப்பார்கள். நாங்கள் இருவர் மட்டும் வாய் வைத்துக் குடிப்போம். எச்சில் பார்க்காத சிநேகிதம். வாசலில் பார்த்துக்கொள்வது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு நாள் பேச்சைப் பேசி முடிப்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வியாழன் காலை செல்வி வேலை முடிந்து வருகிறாள். நான் எழவில்லை. முதல் நாள் காய்ச்சல். இரவெல்லாம் வாந்தி. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டிருந்தேன். அவள் நெற்றியைத் தொட்டாள். தலையைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து மடங்கவில்லை. கட்டை போல நின்றது.

"ஏட்டி, இது வெறுங்காய்ச்சல் இல்ல! ஓடுங்க, ஆட்டோ கூப்பிடுங்க!"

என் உயிர் தங்கியது அந்தச் சத்தத்தால்தான். இதை எழுதி வையுங்கள்.

ஆட்டோவில் ஓசூரின் ஓர் ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து ஆம்புலன்ஸ். கிருஷ்ணகிரி ரோடு. சைரன் அலறுகிறது. சூளகிரி அருகே ஒரு லாரியின் ஏர் ஹாரன். அது மண்டைக்குள் புகுந்தது. வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கால்களில் கருஞ்சிவப்புப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையவில்லையாம். உடனே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல். மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி. இருமலில், எச்சிலில், நெருங்கிப் படுப்பதில் பரவும் வகை.

இனி வருவது நான் பார்க்காதது. முத்துலட்சுமி பிற்பாடு சொன்னாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ஒரே ஒரு பொய்யைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலை. சுகாதார நர்ஸ் வருகிறார். கூடவே வீட்டுக்கார அம்மா. படியில் செருப்புச் சத்தம்.

"செல்வி, மாடிக்கு!"

தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஓடினாள்.

நர்ஸ் கேட்டார். "கூடப் படுக்கிறவங்க, ஒரே பாட்டில்ல குடிக்கிறவங்க எல்லாரும் மாத்திர போடணும். ஒருத்தரையும் விடக்கூடாது. எத்தன பேரு?"

வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நிற்கிறார்.

"நாலு பேருங்க," என்றாள் முத்துலட்சுமி. வாய் பழகிய சொல்.

நர்ஸ் மூலையைப் பார்த்தார். சுருட்டி வைத்த பாய்கள். நான்கு. கணக்குச் சரி. ஒருத்தி ஆஸ்பத்திரியில். மீதி மூன்று பேரும் அவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினார்கள். என்னோடு வாய் வைத்துக் குடித்தவள் தொட்டிக்குப் பின்னால் இருந்தாள்.

இறங்கி வந்தவளிடம் முத்துலட்சுமி சொன்னாள், "நீயும் போய்க் கேட்டு வாங்கிக்கடி."

"ஞாயித்துக்கெழம போறேன். எனக்கு ஒண்ணுமில்ல. இப்பம் தூங்க விடு."

தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். சாக்கடைக்கா மூளைக்காய்ச்சல் வந்தது?

சனிக்கிழமை செல்வி தலைவலியோடு வந்து படுத்தாள். ராத்திரி ஷிப்ட் தலைவலி என்றாள். மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். வெளியே பூட்டினார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியக் கூடாதே. மாலையில் பூட்டைத் திறந்தபோது அவளுக்குப் பேச்சில்லை. என் கழுத்தைத் தொட்டுப் பார்க்க ஒருத்தி இருந்தாள். அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்க யாருமில்லை.

எனக்கு நினைவு திரும்பியபோது முத்துலட்சுமி கட்டிலருகே நிற்கிறாள். வாய் அசைகிறது. சத்தமில்லை. கத்தச் சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவள் ஐந்து விரல்களை விரித்துக் காட்டினாள். பிறகு ஒன்றை மடக்கினாள். மடக்கிய விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை. என் தலைக்கு வந்தது செல்வியின் தலையோடு போயிற்று.

இடது காதில் மெஷின் வைத்த பிறகு வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தேன். அவரும் அழுதார். "சொல்லியிருந்தா தொரத்தியா விட்டிருப்பேன்? நான் மனுசி இல்லியாம்மா?" என்றார். துரத்தியிருப்பார். போன தை மாதம் கீழ் அறையில் ஐந்தாவதாக இருந்தவளின் பெட்டி தெருவில் கிடந்தது. நான் பார்த்தேன். ஆனால் அழுகை பொய்யில்லை. அதையும் சாட்சியில் சேர்க்கிறேன். முத்துலட்சுமி மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குத்தான் அவள் மேல் கோபம். இன்றுவரை யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் அவள் மாடிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

நாங்கள் மாறி மாறிப் படுத்த பாய் இப்போது என்னிடம் இருக்கிறது. படுக்கும்போது சில்லென்று இருக்கிறது. சில விடியற்காலைகளில் மாடியில் வெறுங்கால் ஓட்டம் கேட்கிறது. மெஷினைக் கழற்றிய பிறகும் கேட்கிறது.

இழந்தவை. என் வலது காது, முழுதும். இடது காது, பெரும்பகுதி. கம்பெனி வேலை. முத்துலட்சுமியின் தூக்கம். செல்வி.

அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். உரக்கச் சொல்கிறேன். எனக்கே கேட்கும் அளவுக்கு.

ஐந்து பேர்.