மீன்தொட்டியின் கீழே இருந்த அலமாரி

மீன்தொட்டி வாங்குகிறவர்கள் மீனைத்தான் பார்க்கிறார்கள். தொட்டியை எதன்மேல் வைப்பது என்பதைக் கடைசியில், வீட்டில் எது காலியாக இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கடித் தொட்டி. தண்ணீர், கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல். ஐந்து பேர் இறங்காமல் ஏறி நிற்பதற்குச் சமம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் உப்பிவிடும். அதனால் புனேயில் விமான் நகர்க் கடைகளை விட்டுவிட்டு, ஜூனா பஜாரின் பழைய சாமான்களுக்கு நடுவே நான்கு ஞாயிறு அலைந்து, இடுப்புயரத் தேக்கு அலமாரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ரஞ்சன்காவ் ஆலையில் நான் தரப் பரிசோதகன். ஒரு பொருள் எங்கே உடையும் என்பது பார்த்ததும் தெரியும்.

"அத்திம்பேர், மீன் வைக்கப் போறேளா, யானை கட்டப் போறேளா?" என்றான் விஸ்வேஸ்வரன். என் மனைவி ஸ்ரீலக்ஷ்மியின் தம்பி. கராடியில் கம்ப்யூட்டர் வேலை. வீடு கிடைக்கும்வரை என்று 2003இல் வந்தவன், மூன்று வருடமாக எங்களோடு இருந்தான். நான் எதை விளக்க ஆரம்பித்தாலும், "அரே, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு அக்கா" என்பான். அவள் சிரிப்பாள். பிறகு என் மகளும் சிரிக்கப் பழகினாள்.

அலமாரியின் பின்னால் மெல்லிய பலகை ஒன்று இருக்கும். சுவர் தெரியாமல் மறைக்க என்று நினைப்பார்கள். தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் சரிந்து மடங்கும். தட்டு உள்ளே இருந்தால் மடங்காது. பின்பலகைக்கும் அதுதான் வேலை. மொத்தம் பன்னிரண்டு திருகாணிகள்.

தொட்டியைக் கழுவக் காலிசெய்த அன்று அவற்றைக் கழற்றினேன். குழாய் போக வழி வேண்டும் என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வலப்பக்கக் கால்களின் கீழ் அட்டை மடித்து வைத்துவிட்டுத் தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பினேன். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு விஸ்வேஸ்வரன் தரையில் படுப்பது இடப்பக்கம், விசிறிக்குக் கீழே.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் ஆலை பஸ் வருமுன் தூக்குக்குண்டு பிடித்துச் சரிவை அளப்பேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றாமலே அளப்பேன். இரண்டு மில்லிமீட்டர். மூன்று. ஒரு வாரம் மூன்றிலேயே நின்றபோது சோறு இறங்கவில்லை. "ஏன்னா, உள்ளயும் வெளியிலயும் நடந்துண்டே இருக்கேளே, கால் வலிக்கலையா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. பிறகு ஐந்து. ஒன்பது.

அந்த ஞாயிறு அவளையும் மகளையும் சினிமாவுக்கு அனுப்பினேன். விஸ்வேஸ்வரன் தலையணையோடு வந்தான். அலமாரி லேசாக முனகியது. அவன் நின்று அதைப் பார்த்தான்.

"அத்திம்பேர், இது ஏன் இப்படி ஆடறது?"

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. குரலில் கிண்டல் இல்லை.

"தேக்குடா, ஒண்ணும் ஆகாது. படுத்துக்கோ" என்றேன்.

படுத்தான். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. தொட்டி அவன் மார்பின்மேல் விழுந்தது. அவன் விழிக்கவில்லை.

அவனுக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. கேட்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. ஆலையில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.