வாசலில் உறைந்த மஞ்சள் தண்ணீர்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பனி சுழற்றியடித்த காலையில் பஸ் ஊர்ந்து போனது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டு காலுறை போட்டும் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. முன்சீட்டில் இருந்த ஐம்பது தாண்டிய ஒரு அம்மா பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ, வாசலுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சனான். அப்பிடியே உறைஞ்சு போச்சு. தபால்காரன் சறுக்கி விழுந்திட்டான்."

"ஐயோ அக்கா, இந்தக் குளிருக்குள்ளை ஆரும் வாசல் தெளிப்பினமே? ஆளுக்கு என்ன?"

"கை சுளுக்கு மட்டும்தான். ஆனா பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவனார் மஞ்சள் ஐஸைப் பாத்திட்டு, தன்ரை நாய் மூத்திரம் பெஞ்சதெண்டு நினைச்சிட்டார். என்னட்டை வந்து மன்னிப்பும் கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பரவாயில்லை எண்டனான்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

"சிரியாதை. நாயை இண்டைக்குப் பின்னேரம் ஆருக்கோ குடுக்கப் போறாராம். அந்த மனிசனுக்கு அதை விட்டா ஒருத்தருமில்லை."

"அப்ப இறங்கிப் போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"தபால்காரன் என்னிலை வழக்குப் போட்டால்?"

"போட்டால் பாப்பம். நாயைக் குடுத்திட்டு அந்தக் கிழவனார் என்னெண்டு இருப்பார்?"

அம்மா எழுந்து பெல்லை அழுத்தினார்.

"வாசலுக்கு மஞ்சள் தெளிக்கிறதை அவருக்கு என்னெண்டடி விளங்கப்படுத்துறது?"

"அதெல்லாம் வேண்டாம். நாய் செய்யேல்லை, நான்தான் செய்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"மூத்திரம் பெஞ்சது நானெண்டு நினைச்சிடுவாரடி," என்றபடி அம்மா பனிக்குள் இறங்கினார்.